இருந்தது ஒரு இடம்தான்

சாங்ஷா, சீனா
9 செப்டம்பர் 2024

என் அன்பு ஷபீகாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே வாட்ஸ்அப் திறக்காது. அதற்கென்று ஒரு செயலியைப் போட்டேன், அது பத்து நிமிடம் வேலை செய்துவிட்டுப் படுத்துவிடுகிறது. இந்த மின்னஞ்சல் ஒன்றுதான் ஒழுங்காகப் போகிறது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் இனிப் பழைய காலத்து ஆட்களைப் போலக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நீ தமிழில் எழுது. பகல் முழுக்க ஆங்கிலம் கதைத்து எனக்கு நாக்கு வறண்டுபோகிறது.

ஆங்கிலம் படிப்பிக்கிற எங்கள் நிலையம் ஒரு பெரிய கட்டிடத்தின் நாலாம் மாடியில். பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை. பள்ளிக்கூடம் விட்டதும் வருவார்கள், சனி ஞாயிறில் காலையிலிருந்தே வருவார்கள். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த ஊர் ஆட்கள் போடுகிற மிளகாய் எங்கள் அம்மாவின் கறியையே தோற்கடிக்கும்.

முதல் நாள் வகுப்புக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நீ உண்டாக்கிய அந்த பஸ் விளையாட்டைத்தான் வைத்தேன். கதிரைகளை வரிசையாகப் போட்டு, ஒரு பிள்ளையைக் கொண்டக்டர் ஆக்கி, கொழும்புக் காலி வீதி பஸ் தரிப்பிடங்களுக்குப் பதிலாகப் பழங்களின் பெயரைக் கூப்பிடச் சொல்லி. வகுப்பே அமளிப்பட்டது. எங்கள் இரண்டு பேரையும் நேர்முகம் செய்த மிஸ் லின்தான் இங்கே பொறுப்பாளர். கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "இது உங்களுடைய யோசனையா?" என்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன். கோபியாதே.

எனக்கு இங்கே பெயர் எமிலி. சாம்பவி என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வராதாம்.

ஒரு மனக்குறை. நீ ஏன் எயார்போட்டுக்கு வரவில்லை? உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்
சாம்பவி


தெஹிவளை
22 செப்டம்பர் 2024

சாம்பவி என்கிற எமிலி டீச்சருக்கு ஸலாம்,

பஸ் விளையாட்டை உனக்கே எழுதித் தந்துவிட்டேன், எடுத்துக்கொள். அடுத்ததாகக் கடைத்தெரு விளையாட்டு ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன், கீழே விரிவாக எழுதுகிறேன்.

எயார்போட்டுக்கு வராததன் காரணத்தை உள்ளபடி சொல்கிறேன். வந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுவேன். நீ போவதற்கு அழுகிறேனா, நான் போகாததற்கு அழுகிறேனா என்று உன் அம்மாவுக்கு விளங்காது. எனக்கும் விளங்கியிருக்காது. அதுதான்.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே நடக்கிற டியூஷன் வகுப்பு. பேச்சு ஆங்கிலம். படிக்க வருவது முக்கால்வாசியும் புதிதாகக் கலியாணம் முடித்து, கனடா விசாவுக்காக லொட்ஜில் காத்திருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். போன கிழமை ஒருத்தியிடம், "உன் கணவர் என்ன வேலை செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தமிழில் திருப்பிக் கேட்டாள், "அக்கா, அதை நான் இன்னும் அவரிட்டக் கேக்கேல்ல, கேக்கலாமோ?" சிரித்துவிட்டுப் பிறகு பாவமாக இருந்தது.

அந்த நேர்முகத்தை மட்டும் மறக்க முடியவில்லை. எங்கே பிழை விட்டேன்? ஒரு பிள்ளை விடாமல் அழுதால் என்ன செய்வீர்கள் என்று மிஸ் லின் கேட்டபோது கொஞ்சம் தடுமாறினேன். அதுவாக இருக்குமோ? அல்லது என் உச்சரிப்போ? 'வேறொருவர் கூடுதல் பொருத்தம்' என்று ஒரே ஒரு வரி அனுப்பினார்கள். வாப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று மாதம் போனது உனக்குத் தெரியும். "சாம்பவியும் போறதெண்டா போ மகள்" என்று கடைசியில் அவர் சொன்ன அன்றைக்கு நான் வீட்டுக்குள் துள்ளின துள்ளலையும் பார்த்தவள் நீ. அதெல்லாம் முடிந்த பிறகு நானே கெடுத்துக்கொண்டேனே என்றுதான் வெட்கமாக இருக்கிறது.

சரி, புலம்பல் போதும். கடைத்தெரு விளையாட்டுக்கு உனக்குப் பத்துப் பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகள் தேவை...

துஆவுடன்,
ஷபீகா


சாங்ஷா
4 நவம்பர் 2024

அன்பின் ஷபீ,

உன் கடிதம் வந்து ஆறு கிழமைக்கு மேலாகிறது. நேரமில்லை என்று எழுதினால் அது பொய். உனக்கு எழுதவென்று உட்காருகிறேன், பிறகு எழும்பிப்போய்ச் சட்டைகளைத் தோய்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த நேர்முகத்தைப் பற்றி இனி யோசிக்காதே. உன்னில் ஒரு பிழையும் இல்லை. அதைப் பற்றி எனக்கு எழுதவும் வேண்டாம்.

இங்கே நடந்த ஒன்றை யாருக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். சென்ற சனிக்கிழமை பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள். காலையில் மிஸ் லின் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "எமிலி, யாராவது கேட்டால் நீங்கள் லண்டனில் வளர்ந்தவர் என்று சொல்லுங்கள். பெற்றோர் அதைத்தான் விரும்புகிறார்கள்" என்றார். நான் தலையாட்டினேன். சுவரில் என் படத்துக்குக் கீழே ஏற்கெனவே அப்படித்தான் அச்சடித்து ஒட்டியிருந்தது.

வகுப்பு நன்றாகவே போனது. முடிந்ததும் ஒரு தகப்பன் வந்தார். நல்ல ஆங்கிலம். தானும் லண்டனில் படித்தவராம். "நீங்கள் எந்தப் பகுதி?" என்று கேட்டார். என் வாயில் 'ஈஸ்ட் ஹாம்' என்று வந்தது. சித்தி இருக்கிற இடம் என்பதால். அவர் சந்தோஷப்பட்டு, எந்தப் பாடசாலை, எந்த ரயில் நிலையத்துக்குக் கிட்ட என்று கேட்டார். சின்ன வயதிலேயே வேறு இடத்துக்குப் போய்விட்டோம் என்றேன். எங்கே என்று கேட்டார். எனக்கு ஒரு ஊரின் பெயரும் வரவில்லை, ஷபீ. ஒரு ஊரும்.

அவர் சுவரில் இருந்த என் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்கள் வகுப்பு மிக நன்றாக இருந்தது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. எனக்கு வெட்கம் வரக் கூடாது என்று பார்த்து நடந்துகொண்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லிவிடாதே.

சாம்பவி


தெஹிவளை
24 நவம்பர் 2024

என் அருமைச் சாம்பவி,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, உன்னில் இல்லை, அந்த மிஸ் லின்னில். நீ வளர்ந்த வெள்ளவத்தையில் என்ன குறை? அந்தத் தகப்பன் அடுத்த முறை வந்தால் போய்ச் சொல்லு, "மன்னிக்கவேண்டும், நான் கொழும்பு. ஆங்கிலம் நான் படித்துப் பட்டம் எடுத்தது" என்று சொல்லு. வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். நிறுத்த மாட்டார்கள், நீ நன்றாகப் படிப்பிக்கிறாய். உனக்கு எப்போதும் இந்தப் பயம்தான், கேட்டவுடன் தலையாட்டிவிடுவாய். அதற்காக நீ கூடாதவள் ஆகிவிட மாட்டாய்.

வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் உன் அம்மாவிடம் போகிறேன். போன கிழமை மூன்றாம் மாடி இராமலெட்சுமி அன்ரியும் வந்திருந்தா. உன் அம்மா என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை இல்லாட்டி எங்கட சாம்பவி இன்ரவியூவே செய்திருக்க மாட்டாள். தன்ர வீட்டில வைச்சு, தன்ர கொம்பியூட்டரில செய்ய விட்டது இவள்தான்" என்று சொன்னா. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. உன்னுடைய ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறா.

இனி என் கதை. நீ எழுதாதே என்றாலும் எழுதப் போகிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு மிஸ்ஸிடம் உச்சரிப்புத் திருத்தப் போகிறேன். 'வி'யும் 'டபிள்யூ'வும் எனக்கு ஒன்றாக வருகிறதாம். நானே படிப்பிக்கிற ஆள், மற்றப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயைக் கோணிக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். என் மாணவி யாராவது கண்டால் மானம் போய்விடும்.

கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. "இனி என்னத்துக்கு மகள் காத்திருக்கிற? அவங்களே வேணாமெண்டு செல்லிட்டாங்க தானே" என்கிறார் வாப்பா. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்.

உன்னிடம் ஓர் உதவி. மிஸ் லின்னிடம் ஒரு முறை கேட்டுப் பார். என்னை ஏன் எடுக்கவில்லை? காரணம் தெரிந்தால் அதைத் திருத்திக்கொண்டு வேறெங்காவது விண்ணப்பம் போடலாம். தெரியாமல் இருப்பதுதான் என்னை அரிக்கிறது.

துஆவுடன்,
ஷபீகா


சாங்ஷா
13 ஜனவரி 2025

ஷபீகா,

இந்தக் கடிதத்தை எங்காவது தனியாக இருந்து வாசி.

போன கிழமை இங்கே ஓர் ஆசிரியை வேலையை விட்டுவிட்டார். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு அவர் இடத்துக்கு ஒருவர் வேண்டும் என்று மிஸ் லின் சொன்னார். உங்கள் நாட்டில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். நான் உடனே உன் பெயரைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தகப்பன் விட மாட்டார் என்று நீங்கள் சொன்ன பெண்ணா?" என்று கேட்டார்.

ஆம். நான்தான் அப்படிச் சொன்னேன்.

போன சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கிழமை உன் அறையில் நேர்முகம் நடந்தது. முதலில் நீ, பிறகு நான். என்னுடையது முடிகிற நேரம் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரக் குசினிக்குப் போனாய். அப்போதுதான் மிஸ் லின் சொன்னார், இரண்டு இடம் என்று விளம்பரம் போட்டாலும் இப்போது இருப்பது ஒரு இடம்தான் என்று. "ஷபீகாவின் மாதிரிப் பாடம்தான் எங்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. வகுப்பில் அவர் தலையை மூடிக்கொண்டா இருப்பார்? உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும் அல்லவா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நீ எட்டு அடிக்கு அப்பால் நின்றாய். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நான் சொன்னேன், அவள் அதைக் கழற்ற மாட்டாள் என்று. வேலைக்கு நடுவில் தொழுகைக்குப் போவாள் என்று. தகப்பனுக்கு விருப்பமில்லை, இடையில் கூப்பிட்டுவிடுவார் என்று. மூன்றும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

கடைசியாகச் சொன்னது, வாப்பாவைப் பற்றி நீ எனக்கு அழுது அழுது சொன்னது. அவர் சம்மதித்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நான் போவதால்தான் உன்னையும் விடுகிறார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நீ தேத்தண்ணியோடு வந்து, "எப்பிடிப் போச்சு? என்னப் பத்தி ஏதும் கேட்டாங்களா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ தந்த தேத்தண்ணியையும் குடித்தேன்.

என் உச்சரிப்பா, தடுமாறினேனா என்று நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துவிட்டு, சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். பிறகு, நீ என்னை வெறுப்பாயே என்று விட்டுவிடுவேன். இப்போதும் மிஸ் லின் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அதையும் மறைக்கவில்லை.

நான் அன்றைக்குச் சொன்னது பிழை என்று மிஸ் லின்னிடம் சொல்லிவிட்டேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அவருடைய விலாசம் கீழே இருக்கிறது. உனக்கு விருப்பமென்றால் எழுது. நான் எப்படியாவது அவரைச் சம்மதிக்க வைக்கிறேன். என்னை மன்னித்துவிடு ஷபீ. எனக்கு உன்னைத் தவிர வேறு சிநேகிதி இல்லை.

சாம்பவி


சாங்ஷா
10 பெப்ரவரி 2025

அன்பின் ஷபீகாவுக்கு,

நாலு கிழமையாகிறது. நீ வாசித்தாயா, இல்லையா என்றும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் திறந்து பார்க்கிறேன்.

நேற்று அம்மாவோடு கதைத்தேன். "அந்தப் பிள்ளை ஒரு மாசமா வரவே இல்லை, சுகமில்லையோ தெரியாது, ஒருக்கா போன் எடுத்துக் கேள்" என்றா. கேட்கிறேன் என்றேன்.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. இந்த இடத்தில் இன்னொருத்தி நின்றிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

திட்டி எழுது. எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எழுது. இப்படி எழுதாமல் மட்டும் இராதே.

சாம்பவி


தெஹிவளை
23 பெப்ரவரி 2025

சாம்பவிக்கு,

வாசித்தேன். வகுப்பு முடிந்து வருகிற வழியில், ரயிலில். நீ தனியாக இருந்து வாசி என்று எழுதியதைப் பார்த்து, உனக்கு ஏதோ நோய் என்று பயந்து அங்கேயே திறந்துவிட்டேன். தெஹிவளை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த நிலையமான கல்கிசையில் இறங்கி நடந்து வந்தேன்.

முதல் பத்து நாள் எனக்கு உன்னில் கோபம் வரவில்லை. பம்பலப்பிட்டியில் வாயைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன். ஒன்பது மாதமாக நான் உதவாதவள் என்று நம்பியிருக்கிறேன், அந்த நினைப்போடேயே வகுப்புக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். நீ அதை வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். 'உன்னில் ஒரு பிழையும் இல்லை' என்று எழுதினாய். அதைவிட ஒரு சொல் கூடுதலாக எழுத உனக்கு மனம் வரவில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மிஸ் லின்னுக்கு எழுதினேன். நீ சொன்னதற்காக இல்லை, எனக்காக. நேர்முகம் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் வாப்பாவிடம் சொன்னேன், போன முறை நீங்கள் விட மாட்டீர்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று. யார் என்று சொல்லவில்லை. வாப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். "நான் சரியெண்டு செல்லினதுக்குப் பொறகுமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சேர்ட்டை மாற்றிக்கொண்டு, கணினிக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஸ் லின் வணக்கம் சொல்ல முதலே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மை டோட்டர், வட் ஷி ஸ்டார்ட், ஷி ஃபினிஷ்" என்றார். பிறகு எழும்பிப் போய்க் கதவடியில் நின்றுகொண்டார்.

மிஸ் லின் என்னிடம் கேட்டார், வகுப்பில் தலையை மூடிக்கொண்டா இருப்பீர்கள் என்று. உண்மையில் போன வருஷம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது, சாம்பவி. அவ்வளவு ஆசை இருந்தது. கழற்றுகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், சொல்லிவிட்டு வாழ்நாள் முழுக்க அழுதிருக்கலாம். எதுவானாலும் என் பதிலை நானே கண்டுபிடித்திருப்பேன். அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். வேலையை அல்ல.

"ஓம், மூடிக்கொண்டுதான் இருப்பேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் தொழுவேன், வகுப்பு நேரத்தில் போக மாட்டேன்" என்றேன். மிஸ் லின் பாவம், நேராகவே சொன்னார். தனக்கு விருப்பம்தானாம், பெற்றோர் ஏற்க மாட்டார்களாம். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். அவர்கள் இல்லை என்று சொன்னது இந்த முறை எனக்கு. போன முறை நீ உன் வாயால் உண்டாக்கிய யாரோ ஒருத்திக்கு.

கண்டிச் சம்பந்தத்தை வாப்பா தானாகவே நிறுத்திவிட்டார். "இன்னம் கொஞ்சம் தேடிப் பாரு மகள்" என்கிறார். தேடுகிறேன்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். மன்னித்தேன் என்று எழுதினால் பொய். ஒரு நாளும் மன்னிக்க மாட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகப் போகலாம், தெரியாது. வேறு சிநேகிதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் இல்லை. ஆனால் அதை நீ அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாது.

உன் அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வருகிற வியாழக்கிழமையிலிருந்து அவவிடம் போவேன். அது எனக்கும் அவவுக்கும் உள்ள பழக்கம், அதில் உனக்குப் பங்கு இல்லை. எனக்காக மிஸ் லின்னிடமோ வேறு யாரிடமோ ஒன்றும் பேசாதே. நல்லதாகவும் பேசவேண்டாம்.

இனி எனக்கு எழுதாதே. விடுமுறைக்கு நீ வருவாய், வெள்ளவத்தை சின்ன இடம், எங்கேயாவது காண்போம். தெருவில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பேன். வீட்டுக்கு மட்டும் வராதே.

மஷூர் பாத்திமா ஷபீகா